காந்தல் சுரண்டிய சத்தம்

காந்தல் என்றால் எனக்கு உயிர். அலுமினியக் குண்டானின் அடியில் பிடித்துக் கருகிய சோற்றை இரும்புக் கரண்டியால் சுரண்டித் தின்னும் சுகம் தெரியாதவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுரண்டும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அதுதான் வினை. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐயோ, பல்லு கூசுதே! நிறுத்துடி சனியனே!" என்று அலறுவாள். பக்கத்து வீட்டிலிருந்தும் வசவு வரும்.

இத்தனைக்கும் எங்கள் வீடு இருந்தது ராயபுரத்தில். ஒரு பக்கம் ஆலைச் சங்கு, ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி, போதாக்குறைக்குத் துறைமுகத்தில் கப்பல் ஊதும். அதற்கெல்லாம் அசையாத ஜனங்கள் என் ஒரு கரண்டிக்கு நடுங்கினார்கள்.

நைனா மட்டும் வேறு ஜாதி. அவர் பாய்லர் பட்டறையில் ரிவிட் அடிக்கிறவர். நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து சுரண்டினாலும் முகம் சுளிக்க மாட்டார். அம்மா என்னை அடிக்க ஓங்கினால், "துன்னுட்டுப் போவட்டும் வுடுமே" என்பார். என் சத்தம் பிடித்த ஒரே ஆள் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவரிடம் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். அது பட்டறைக்காரருக்குத் தரும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் தம்பி பிறந்தான். சங்கு ஊதினாலும் தூங்குவான், ரயில் போனாலும் தூங்குவான். சமத்துப் பிள்ளை என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். திருவொற்றியூரிலிருந்து நைனாவின் தங்கை, என் அத்தை, அவனைப் பார்க்க வந்தாள். வந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது; காப்பியைக் கொட்டினாள். தம்பி அசையவில்லை.

"இன்னா அண்ணி, இம்மாம் சத்தத்துக்குப் புள்ள கண்ணு முழிக்கலயே! காது கேக்குதா அதுக்கு?"

அவ்வளவுதான், வீட்டில் சிரிப்பே போயிற்று. சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அத்தை ஊருக்குப் போகாமல் தங்கி, தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தாள். தம்பி சிரித்தான். சத்தத்துக்குச் சிரித்தானா, அத்தையின் கைக்குச் சிரித்தானா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைக்குக் காது கேட்டால் வெள்ளியில் காது வாங்கிப் போடுவதாக அம்மா திருவொற்றியூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு நாள் நைனா அம்மாவிடம், "எங்கிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சாமே?" என்று கேட்டார். அம்மா அழுதாள். நைனாவுக்குத்தான் சளிகூட இல்லையே, எது ஒட்டும் என்று நான் குழம்பினேன்.

கவலையில் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றை நன்றாகத் தீய விட்டுவிட்டாள். எனக்குக் கொண்டாட்டம். அம்மாவும் அத்தையும் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி பாயில் சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தான். நைனா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் குண்டானை மடியில் இடுக்கிக்கொண்டு ஒரு இழு இழுத்தேன்.

கிறீச்!

அத்தை முறத்தைப் போட்டாள். அம்மா காதைப் பொத்தினாள். பாயில் தம்பியின் உடம்பு தூக்கிப்போட்டது. உதடு பிதுங்கியது. வீல் என்று அழுதான்.

அடி விழப்போகிறது என்று நான் கரண்டியை ஒளித்தேன். அம்மாவோ, "இன்னொரு வாட்டி சுரண்டுடி!" என்றாள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கரண்டியை இன்னும் பின்னால் நகர்த்தினேன். "சுரண்டுடி என் கண்ணு!"

சுரண்டினேன். அவன் இன்னும் வீறிட்டான். அம்மா காதைப் பொத்தியபடியே அழுதாள், சிரித்தாள். அத்தை, "போதும்டி! அவன் செவுடில்ல, இப்ப நாந்தான் செவுடாவப் போறேன்! வவுத்துல இருக்க சொல்லவே சங்கு கேட்டவன், ராயபுரத்துப் புள்ள, அதுக்கு இன்னாத்துக்கு முழிப்பான்?" என்று ஒரே போடாகப் போட்டாள். எத்தனை நாள் பாரம்! அந்த நிமிஷம் வீடே மூச்சுவிட்டது.

நைனா இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் தோளை உலுக்கி, "யோவ், புள்ளைக்குக் காது கேக்குதுய்யா!" என்று கத்தினாள். அவர் தம்பியை வாரி எடுத்து, என் எதிரிலேயே ஓவென்று அழுதார். குண்டான் முழுக்க அன்று எனக்கே.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வாசல் கடையில் அம்மா வெள்ளிக் காது இரண்டு ஜோடி வாங்கினாள். ஒரு ஜோடியை உண்டியலில் சட்டென்று போட்டாள். இன்னொன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அது யாருக்கும்மா?"

"கம்முனு வா."

வேறு யாருக்கு? கரண்டி பிடித்த எனக்குத்தான் அந்தக் கௌரவம் என்று முடிவு கட்டினேன். திரும்பும் வழியெல்லாம் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெருமையையே அளந்துகொண்டு வந்தேன். அவர் என் உதட்டையே உற்றுப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.