மூச்சு ஓடாது, ஆடு ஓடும்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் தியான வகுப்பில் சேர்ந்தேன். மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பஸ் ஹாரனும், "ஹலோ... கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்துபவர்களும் இருக்கிற இடத்தில் எங்கே கவனிப்பது? தியானத்துக்குக் கிராமம்தான் லாயக்கு என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் எட்டயபுரம் பக்கம் மைத்துனர் ஊருக்குப் போனபோது, விடிந்ததும் துண்டோடு காட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வேப்பமரத்தடியில் உட்காரும்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அண்ணாச்சி, இங்கனதான இருப்பீய? செத்த நேரம் ஆட்டைப் பாத்துக்கிடுங்க. கெணத்துல ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வாரேன்."

"தாராளமா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்!

அடடா, என்ன அமைதி! ஒரு ஆட்டின் கழுத்துமணி மட்டும் கிணுகிணுவென்று கேட்டது. அது மெல்லத் தூரமாகப் போனதுகூட இதமாகத்தான் இருந்தது.

"ஏ அண்ணாச்சி!"

கண்ணைத் திறந்தால், குடத்தைப் போட்டுவிட்டு அந்தப் பெண் ஓடிவருகிறார். ஆடுகள் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் நிற்கின்றன. மழை ஏமாற்றியதில் வாடிக்கிடந்த இளஞ்சோளம். அதைத் தின்றால் ஆட்டுக்கு விஷம் என்பது கரிசலில் பிறந்த எனக்கும் தெரியும். விழுந்தடித்து ஓடினேன்.

மற்ற ஆடுகளை விரட்டிவிட்டோம். சினை ஆடு ஒன்று மட்டும் தின்றுவிட்டிருந்தது. அந்தப் பெண் அதன் வாயைப் பிளந்து, மிச்சத்தை விரலால் வழித்தெடுத்தார். அது தள்ளாடிப் படுத்துவிட்டது.

"மணிச்சத்தம் தெக்க போவுதேன்னு கெணத்தடியில எனக்குக் கேக்குது. பக்கத்துல இருந்த ஒங்களுக்குக் கேக்கலையா?"

"மூச்சைக் கவனிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று உள்ளதைச் சொன்னேன்.

"மூச்சு எங்கன ஓடிறப் போவுது அண்ணாச்சி? ஆடுல்லா ஓடும்!"

ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் விலா ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு அது எழுந்து நின்று அசைபோட்டது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் பூத்திலேயே, கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு தியானம் பழகினேன். ஹாரன் அதுபாட்டுக்கு அடிக்கட்டும். இத்தனை வருஷத்தில் மனம் துளிகூடச் சிதறாமல் நான் மூச்சைக் கவனித்தது அந்த ஒருநாள்தான், அதுவும் என் மூச்சை அல்ல.