மூலத்தில் இல்லாத வரி

பிளாக்டவுன் கடையில் கீரை எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெயந்தி அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா. நித்திரையிலயே." கீரையை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அக்காவின் செவன் ஹில்ஸ் வீட்டுக்கு வந்துபோன நண்பர்களே, உங்களுக்கு அவர் ஓய்வுபெற்ற நூலகர். பழைய சீன நாவல் ஒன்றை நாங்கள் இருவரும் தமிழாக்கியது சிலருக்கே தெரியும். அக்கா சீனத்தைத் தானாகப் படித்துக்கொண்டவர்; சிங்கப்பூரில் வளர்ந்ததால் எனக்கும் அது வரும்.

அந்தப் பழைய பதிப்புகளில் வரிகளுக்கிடையே பொடி எழுத்தில் உரைகாரர் பேசிக்கொண்டே வருவார். அவள் ஏன் சிரித்தாள் பார், என்பார். வாசகர்கள் அவரோடுதான் வாசித்தார்கள். பின்வந்த கதாசிரியர்கள் அந்தக் கூர்மையான கண்ணை நினைத்தே எழுதினார்கள். தமிழில் அந்த உரையை விட்டுவிடலாமே என்றேன். "உரைகாரரை வெளியில விட்டால் கதை தனிச்சுப் போயிடும், தம்பி" என்றார் அக்கா.

சில உரைகாரர்கள் துணிந்தவர்கள். கதையையே மாற்றிவிட்டு, பழைய பிரதியில் இப்படித்தான் என்று சாதித்து, தாமே அதைப் புகழவும் செய்வார்கள்.

சென்ற குளிர்காலத்தில் அக்கா தாம் தமிழாக்கிய ஓர் அத்தியாயம் அனுப்பினார். இறந்த கணவன் வந்து கதவைத் தட்டுகிறான். மூலத்தில் மனைவி பயந்து விளக்கை அணைக்க, அவன் திரும்பிப் போகிறான். அக்காவின் தமிழில் அவள் கதவைத் திறக்கிறாள். "நனைஞ்சிட்டியள், உள்ளுக்கு வாங்கோ" என்கிறாள். கீழே பொடி எழுத்தில்: 'இந்த இடத்தின் அழகே அழகு.'

நேரில் போனேன். "அக்கா, இது மூலத்துல இல்லையே?"

"ஓம், இல்லை."

தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவர் கணவர் பல ஆண்டுகளுக்கு முன், புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில்தான் காலமானார்.

"அவர் காலமான அந்தக் கிழமைக்குள்ள ஒருநாள், அவர் வேலையால வாற நேரத்துக்குக் கதவு தட்டுற சத்தம் கேட்டுது. அவர் தட்டுற மாதிரியே. பயத்தில நான் போகேல்லை. பிறகு ஒருநாளும் தட்டேல்லை." கோப்பையை நகர்த்தினார். "நான் இருக்குமட்டும் அந்த வரி இருக்கட்டும். பிறகு நீர் விரும்பினபடி செய்யும்."

இறுதிச் சடங்கு முடிந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய வரியை அழிக்கக் கை வரவில்லை. அப்படியே விடவும் மனம் ஒப்பவில்லை. கதையில் மூலத்தின்படியே விளக்கை அணைத்தேன். அடியில், உரை இருக்கவேண்டிய இடத்தில், பொடி எழுத்தில் சேர்த்தேன்: 'ஜெயந்தி சொல்வது: அவள் கதவைத் திறந்தாள்.'

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம். நார்த்மீட்டில் என் வீட்டுக் கதவைப் பின்னேரத்தில் யார் தட்டினாலும் உடனே எழுந்துவிடுகிறேன். பெரும்பாலும் பார்சல்காரர்தான். சில நாள் யாரும் இருப்பதில்லை. அன்றைக்குக் கதவைச் சற்று நேரம் திறந்தே வைக்கிறேன்.