ஆறு நிறத் துப்பாக்கி

எண்பதுகளில், இலங்கை மலையகத்தின் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வெட்ட வேண்டிய நிழல் மரங்களில் கைத்துப்பாக்கியால் சாய உருண்டை சுட்டு அடையாளமிடுவது கடுக்கன் போட்ட ஒரு மெலிந்த மனிதரின் வேலை. அந்தக் கைத்துப்பாக்கிக்கு அவர் நிறம் பூசி, பிடியில் வளையல் துண்டுகள் ஒட்டி, குழலில் ஜரிகை சுற்றியிருந்தார். நிறங்களை எண்ணினேன், ஆறு.

“என்னங்க, துப்பாக்கிக்குக் கல்யாணமா?” என்றேன்.

“கறுப்பா இருந்தப்ப எம்மவன் தூக்கிட்டு வந்தானுங்க ஐயா. காவலுக்கு நின்னவங்க நெசத் துப்பாக்கின்னு நெனச்சு அவனச் சுட்டுட்டாங்க.”

அவர் பாதையின் திருப்பத்தைக் காட்டினார்.

“அந்தத் திருப்பத்துல நின்னு பாருங்களேன். இப்ப என்னவாத் தெரியுது?”

போய் நின்றேன். மூடுபனியில் ஒரு நிறமும் தெரியவில்லை. ஒரு மனிதர், கையில் துப்பாக்கி, அவ்வளவுதான்.

“பூங்கொத்து மாதிரி இருக்குங்க!” என்று கத்தினேன்.

பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“இன்னுங் கொஞ்சம் மஞ்சள் அடிச்சிடுறேங்க.”