மூட மறந்த குழாய்

இனி நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்று எங்கள் அபார்ட்மென்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். காலையில் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

திருமங்கலத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக் குழாயும் கோடையில் இப்படித்தான் மூச்சுவிடும். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்த அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் இல்லை. மூட மறந்து, கேட்டைப் பூட்டி, எங்களைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

திரும்பி வந்தால், சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு பள்ளத்தில் இருந்தது. மேட்டு வீடுகளுக்கு ஒரு சொட்டும் ஏறவில்லை. காலிக் குடங்களோடு நின்றவர்கள் திட்டவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும், "எம்புட்டு நேரம் கேட்டத் தட்டுனோம் டீச்சர்" என்றார்.

அம்மா, சமையலறையில் சேர்த்துவைத்திருந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் அந்த வீடுகளில் ஊற்றினாள். அடுத்த தண்ணீர் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

இன்று ஆபீசுக்குக் கிளம்பி, இரண்டு மாடி இறங்கியவள் மறுபடி படியேறினேன்.

"மூணாவது தடவ ஏறுற. மூடித்தான இருக்கு?" என்றார், கீழே வண்டியோடு நின்ற கணவர்.

"மூடித்தாங்க இருக்கு. பாத்துட்டு வாரேன்."