ஏசி தண்ணீரில் நின்ற ரோஜா

திங்கட்கிழமை காலையில் சந்தனச்செல்வியும் அவள் அப்பா நயினாரும் பூக்கடை வாசலில் உட்கார்ந்து ரோஜாக் காம்புகளைச் சாய்வாக நறுக்கினார்கள். பத்துக் கட்டு. அவர் நறுக்கினார், அவள் பக்கெட்டில் நிறுத்தினாள். பேச்சு அதிகமில்லை. புதன்கிழமை விடியற்காலை அவர் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

தூத்துக்குடியில் முப்பது வருஷம் பூக்கடை வைத்திருந்தவர். துறைமுகத்தை ஒட்டிய ஆபீஸ்களுக்கு வாராவாரம் மேஜைப் பூ கொடுப்பார். மூன்றாம் நாளே ரோஜா தலை தொங்கிவிடும். மகள் வேதியியல் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏளா, ஒரு வாரம் நிக்கிற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

பண்ணினாள். பூவரசு இலையை வேகவைத்து வடித்த சாற்றில் வெள்ளி நைட்ரேட் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகும். கரைசல் தேன் நிறத்துக்கு வரும். காம்பின் வெட்டுவாயில் கிருமி பெருகி அடைத்துக்கொள்ளாமல் அது காக்கும். ஆய்வகத்தில் ரோஜா ஒன்பது நாள் நின்றது. கடையில் மூன்றே நாள். மறுபடி காய்ச்சிக் கொடுத்தாள், மறுபடியும் தொங்கியது. மூன்று வருஷ உழைப்பு ஆய்வகத்தைத் தாண்டாதோ என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று.

ஒருநாள் சொல்லாமல் கடைக்கு வந்தாள். பக்கெட்டில் கரைசல் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"இதுல என்ன ஊத்துனீங்க?"

"போர் தண்ணி. பாதிக்குப் பாதி."

"நல்ல தண்ணியிலதானே கலக்கச் சொன்னேன்?"

"நல்ல தண்ணி அஞ்சு நாளைக்கு ஒருக்கா வருது. குடிக்கிற தண்ணியப் பூவுக்கு ஊத்தச் சொல்லுதியே, பாவம்லா?"

"உப்பு பட்டா வெள்ளி திரிஞ்சிரும்ப்பா!" கத்திவிட்டாள். அவர் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

இரண்டு நாள் கழித்து ஒரு கேனோடு வந்தார். துறைமுக ஏஜென்ட் ஆபீஸ் ஏசியில் சொட்டிய தண்ணீர். மீட்டரை விட்டு உப்பு பார்த்தாள். லிட்டருக்குப் பதினெட்டு மில்லிகிராம். கடைப் போர் தண்ணீர் மூவாயிரத்தைத் தாண்டும்.

"இது யாரும் குடிக்காத தண்ணி," என்றார்.

அந்த ஆபீஸ் கிளார்க் கிருபை அவரைச் சும்மா விடவில்லை. "அண்ணாச்சி, பூவக் குடுத்துட்டு எங்க ஏசி வேர்வையத் தூக்கிட்டுப் போறீங்களே!"

"அதுக்கு வேர்த்தா எனக்கு லாபம், தாயி."

அந்தத் தண்ணீரில் கலந்த கரைசலில், கிருபையின் மேஜையில் ரோஜா எட்டு நாள் நின்றது. எட்டாம் நாள் அவள் அனுப்பிய படத்தைக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் காட்டினார். "எம்மவ செஞ்சது."

பாதிதான் மகள் செய்தது. அவர் போர் தண்ணீர் ஊற்றியிராவிட்டால், இந்த ஊரில் தன் மருந்து எதில் தோற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆய்வேட்டில் தண்ணீரைப் பற்றிய அத்தியாயமே இருந்திருக்காது. அதை அவரிடம் ஒருமுறை சொல்லவும் வாய்த்தது. "போளா," என்று சிரித்தார்.

அவர் இறந்த புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை, தருவைகுளம் போவதாக இருந்தது. அங்கே மாதா கோயிலில் பூ வைக்கும் தேவபிரசாதத்திடம் இரண்டு கேன் கரைசல் கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கலந்துவிடாதே என்று சொல்லிவிட்டும் வர வேண்டும். போனில் சொன்னால் போதாதா என்று மகள் கேட்டிருந்தாள்.

"நேர்ல சொன்னாத்தான் கேப்பான். நானே கேக்கலேல்லா."

கேன்கள் இரண்டும் மூடி இறுக்கி, பெயர் எழுதி, கடைக்குள் இருக்கின்றன.