எடுத்த இடத்தில் பழசை வை

டிராக்டர் இழுத்து வந்த கார்

வைகாசி மாதம், முகூர்த்த சீசன். காலை வெயில் ஏறுவதற்குள் அருளப்பனின் அம்பாசிடரை ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்து என் ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டுப் போனது. திண்டுக்கல் நாகல் நகரில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் ஒர்க்‌ஷாப். அருளப்பன் இறங்கி, பானெட் மேல் கை வைத்தபடி நின்றார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைக்கிற மாதிரிதான் இருந்தது.

"ராடு ஒடஞ்சு பிளாக்கக் குத்திருச்சுண்ணே."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒடிந்தால், அது சுற்றுகிற வேகத்தில் எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. அருளப்பன் வண்டியில் என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. வெல்டிங் வைத்து ஒப்பேற்றுகிற கதை இல்லை. வேறு எஞ்சின்தான் வைக்க வேண்டும்.

அருளப்பன் டாக்சி ஸ்டாண்டில் சொந்த வண்டி போட்டு ஓட்டியவர். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஒரு பழைய டீசல் வண்டிதான் நாலு பேருக்கும் சோறு. எஞ்சின் வாங்க அவரால் முடியாது. வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு மதுரையில் எவனுடைய டிராவல்சிலாவது கூலி டிரைவராகச் சேர வேண்டும். மாதம் ஒரு தடவை வீட்டைப் பார்த்தால் அதிகம்.

அதே மாடல் எஞ்சின் ஒன்று கன்னிவாடியில் ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் இருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் குடித்தோம். ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தோப்பில் நின்ற வண்டி

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அருளப்பன் வண்டியின் கியர்பாக்ஸ் பல் போய்விட்டது. புதுசு வாங்க வழியில்லை. பழைய இரும்புக் கடைகளில் தேடினால் எல்லாம் அதைவிட மோசம். அப்போது தேங்காய் லோடு ஏற்றுகிற ஒரு லாரி டிரைவர், "கன்னிவாடில ஒரு தோப்புக்குள்ள அம்பாசிடர் ஒண்ணு நிக்கிது. கேட்டுப் பாருங்க, குடுக்காது அந்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாகச் சொன்னதைக் கேட்காத மாதிரி நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அந்தத் தோப்பை முதல் தடவை பார்த்தபோது நான் வேலையை மறந்து நின்றுவிட்டேன். எனக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ போய்விடுவேன். பின்னால் மலை நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. தென்னை நிழலும் வெயிலும் மாறி மாறி அந்த வெள்ளை வண்டி மேல் அசைந்தன. நிற்கிற வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது.

பாண்டியம்மாள் அக்காவின் வண்டி அது. அவர் கணவர் வத்தலக்குண்டில் டாக்சி ஓட்டியவர். ஊரிலுள்ள புது மாப்பிள்ளை பெண்ணையெல்லாம் கொடைக்கானலுக்கு ஏற்றி இறக்கியவர். திடீரென்று விஷக்காய்ச்சல் வந்து இறந்துபோனார். கடைசியாக அவர் நிறுத்திய இடத்திலேயே, அக்காவின் அடுப்படி ஜன்னலுக்கு நேரே, வண்டி நின்றுவிட்டது. எத்தனையோ புரோக்கர்கள் வந்து கேட்டும் அவர் விற்கவில்லை.

அருளப்பன் கையைக் கட்டிக்கொண்டு தன் நிலைமையைச் சொன்னார். அக்கா வெகுநேரம் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்க மாட்டேன் தம்பி. வேணுங்கறதக் கழத்திக்க. ஆனா எடுத்த எடத்துல உன் பழச வச்சு முடுக்கிட்டுப் போயிரணும். நான் இங்கருந்து பாத்தா வண்டி வண்டியா தெரியணும்."

"காசு எம்புட்டுக்கா?"

"காச வச்சு நான் என்ன செய்ய? ஒரு சாமான் எடுத்தா ஒரு டிரிப்பு என்னயக் கூட்டிட்டுப் போ. எங்கன்னு நான் சொல்லுவேன்."

இப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. கியர்பாக்சுக்குப் பழனி. ரேடியேட்டருக்கு ஒட்டன்சத்திரத்தில் தங்கச்சி வீடு. ஸ்டீரிங் வீலுக்கு மட்டும் எந்த ஊரும் கிடையாது. செவந்தி பூத்துக் கிடந்த ஒரு ரோட்டில் சும்மா போய்விட்டுத் திரும்பினால் போதும் என்றார். எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார். பழனி போன அன்று கண்ணை மூடிக்கொண்டே வந்தவர், வழியில் சொன்னார்: "மூணுலருந்து நாலு போடறப்ப ஒரு மொனகல் வருதுல்ல, அது எங்க வண்டி மொனகல்."

கியர்பாக்ஸ் முனகினால் அது கோளாறு. மெக்கானிக்காக நான் அதைச் சரி செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

வைப்பர் மோட்டார்

வருஷங்கள் ஓடின. முன் கதவு, கண்ணாடி ஏற்றுகிற ரெகுலேட்டர், முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், ஹாரன், ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாக அந்த வண்டி இந்த வண்டிக்கு வந்தது. செத்துப்போன எங்கள் சாமான்கள் தோப்பு வண்டியில் போய் உட்கார்ந்தன. அக்கா துடைத்துத் துடைத்து வைத்திருந்ததால் எது நல்லது, எது கெட்டது என்று பார்த்தால் தெரியாது.

ஒரு ஐப்பசி மழையில் அருளப்பனின் வைப்பர் நின்றுவிட்டது. தோப்புக்குப் போய், நனைந்துகொண்டே மோட்டாரைக் கழற்றி இதில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் அசையவே இல்லை. வயரிங்கை எல்லாம் பிரித்து மேய்ந்துவிட்டேன். ஃபியூசை மாற்றினேன். கடைசியில் மோட்டாரைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடியில் என் கையால் வைத்த சால்டரிங். மூன்று வருஷம் முன்னால் எரிந்துபோய் நாங்களே தோப்பு வண்டியில் வைத்த, அருளப்பனின் பழைய மோட்டார்தான் அது. நல்ல மோட்டாரை அப்போதே எடுத்து ஓட்டி, அதுவும் போய்ச் சேர்ந்திருந்தது. வைத்ததையும் மறந்து, எடுத்ததையும் மறந்து, அரை நாளாக ஒரு பிணத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

ஜன்னலில் நின்ற அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார், பாருங்கள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். "மெக்கானிக்குத் தம்பி, உன்ன நம்பி மல ஏறுனா கீழ வந்தாப்லதான்!"

அன்று முதல் நாங்கள் கொண்டுபோய் வைக்கிற ஒவ்வொரு கெட்ட சாமானிலும் ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். நாளாக நாளாக அந்த வண்டிக்குள் மஞ்சள் பொட்டுகள் நிறைந்தன. பானெட்டைத் திறந்தால் பொட்டே இல்லாமல் இருந்தது எஞ்சின் ஒன்றுதான்.

எஞ்சினை மட்டும் கேட்காதீர்கள் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். காரணத்தை ஒரு டிரிப்பில் தானாகவே சொன்னார். "ஊரயெல்லாம் மலைக்குக் கூட்டிட்டுப் போனாக. என்னய மட்டும் இந்தா அடுத்த மாசம், இந்தா சீசன் முடியட்டும்னாக. இந்த எஞ்சின்ல ஒன்னய மேல ஏத்தாம விட மாட்டேன் பாண்டின்னு சொன்னாக." அதற்குப் பிறகு நான் தோப்புக்குப் போகும்போதெல்லாம் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஹேண்டில் போட்டு எஞ்சினை நாலு சுற்று சுற்றி வைப்பேன். ஜாம் ஆகாமல் இருக்க வேண்டும் அல்லவா? எஞ்சின் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஒரு சத்தம் வரும். அக்கா அடுப்படியில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

சொல்லிக்கொள்ளப் போனது

இப்போது பிளாக் உடைந்த அந்த வைகாசிக்கு வருகிறேன். மறுநாள் அருளப்பன் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். கன்னிவாடிக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். எஞ்சினைக் கேட்பதில்லை என்று வழியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். மனிதர் அப்படி.

தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்து எழுந்தார். "வண்டி எங்க?"

"வண்டி ஒக்காந்துருச்சுக்கா. எஞ்சின் போச்சு. வித்துட்டு மருதைக்கு வேலைக்குப் போறேன். இனிமே டிரிப்புக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

"பிள்ளைக?"

"அதுக இங்கதான். நான் மட்டும் போறேன்." அருளப்பன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை; மலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா கேட்டார்: "யாருக்கு விக்கப் போற?"

"இந்த நெலமைல யாரு வாங்குவாக்கா? எடைக்குத்தான்."

அக்கா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். பிறகு விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். "கியர்பாக்ஸு எங்களது. ஸ்டீரிங்கு எங்களது. அவுக கை பட்ட கதவு எங்களது. ஹாரன் எங்களது. அம்புட்டையும் சேத்தா எடைக்குப் போடுவ?"

அருளப்பனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. எனக்கும்தான். எங்கள் கண்ணுக்கு நின்ற வண்டி அக்காவுடையது, ஓடுகிற வண்டி அருளப்பனுடையது. அக்கா எத்தனையோ வருஷமாக அந்த ஜன்னலில் நின்று பார்த்தது முழுக்க எங்கள் கெட்ட சாமான்களை. அவர் கணவரின் வண்டி திண்டுக்கல் டாக்சி ஸ்டாண்டில் அல்லவா நின்றுகொண்டிருந்தது!

அக்கா என் பக்கம் திரும்பினார். "எஞ்சினச் சுத்தி வச்சியே, ஓடுமா?"

"ஓடணும்க்கா. சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஓடணும்."

"கழத்து."

வேல்

மறுநாள் மூன்று கட்டைகளை முக்காலியாகக் கட்டி, சங்கிலிக் கப்பி போட்டு எஞ்சினைத் தூக்கினோம். டிராக்டரில் கொண்டுவந்த உடைந்த எஞ்சினை அந்த இடத்தில் இறக்கி, மஞ்சள் பொட்டும் வைத்தேன். எஞ்சின் நம்பர் மாறுவதால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத வேண்டியதற்கு அக்கா கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பித்தளை வேல் ஒன்றை அவர் கத்தியால் நெம்பி எடுத்து அருளப்பன் கையில் வைத்தார். கணவர் பழனியில் வாங்கி ஒட்டியது.

"எஞ்சின் போனா இதும் போகணும்."

அருளப்பன் கிறிஸ்தவர். அவர் டேஷ்போர்டில் பிள்ளையைக் கையில் ஏந்திய மாதா சொரூபம் உண்டு. வேல் கைக்கு வந்ததும் அவர் தயங்கினார். எடுத்த இடத்தில் தன்னுடையதை வைக்க வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். அந்த மனிதர் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. "மாதாவக் கொண்டாந்து இங்க வச்சிரவாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கிறுக்கனா நீ? பிள்ளைய வச்சிருக்க தாய எதுக்குத் தோப்புக்குள்ள தனியா விடணும்? ரெண்டும் ஒண்ணா வரட்டும். அந்த எடம் வெறுமனே கெடக்கட்டும்."

அந்த வண்டியில் அக்கா வெறுமையாக விட்ட முதல் இடம் அது.

நாகல் நகரில் எஞ்சினை ஏற்றி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஸ்டார்ட் செய்கிற அன்று அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். டீசல் லைனில் அடைத்திருந்த காற்றை எடுத்து, எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டுவிட்டு அருளப்பனைப் பார்த்தேன். அவர் உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினார். முக்கியது, நின்றது. மறுபடி முக்கியது. வெள்ளைப் புகை கொட்டகை முழுக்க மூடிக்கொண்டது. அந்தப் புகைக்குள் இருந்து, ஆள் யாரும் தெரியாமல், எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது. முதலில் தடுமாறி, பிறகு சீராக. புகை கலைந்தபோது அக்கா பானெட் மேல் கை வைத்து நின்றிருந்தார்.

மலை

என் அனுபவத்தில் சின்ன மெக்கானிக்குகளுக்குச் சொல்ல இருப்பது இதுதான். கையில் காசில்லாதவன் வண்டிக்குப் பழைய சாமான் தேடும்போது, அது எங்கே கிடைக்கும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வைத்திருக்கிறவர்களுக்கு அது என்னவாக இருக்கிறது என்றும் கேளுங்கள். கழற்றிய இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

எஞ்சினுக்கான டிரிப் எது என்று அக்கா சொல்ல வேண்டியிருக்கவில்லை. வத்தலக்குண்டு தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. நான் பின் சீட்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். டேஷ்போர்டில் மாதாவும் வேலும் பக்கத்தில் பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருந்தன. பாதி மலையில் எஞ்சின் ஆறட்டும் என்று நிறுத்தினோம். ரேடியேட்டருக்குத் தண்ணீரை அக்காதான் ஊற்றினார். யாரையும் விடவில்லை.

மேகம் ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கீழே சமவெளி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் தேடினார்.

"அருளப்பா, கன்னிவாடி எங்க இருக்கு? நம்ம தோப்புத் தெரியுமா?"

"அது மலைக்கு அந்தப் பக்கம்க்கா. இங்கருந்து தெரியாது."

"அப்ப அங்க நிக்கிற வண்டியும் தெரியாது."

"தெரியாதுக்கா."

அக்கா தலையாட்டினார். "அது உன் வண்டிதான. ஊருக்குப் போனதும் எடைக்குப் போட்டுட்டு, பிள்ளைகளுக்கு எதாச்சும் வாங்கிக் குடு." பிறகு முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டார். "எங்க வண்டிய எடு. செத்த நேரத்துல இருட்டிரும். மேல ஏத்துறேன்னு சொன்னாக."