லூபோக் சீனாவில் பால் காய்ச்சிய வீடு

காலை எட்டு இருபதுக்கு மலாக்காவிலிருந்து வாடகைக் கார் கிளம்பியது. முப்பது வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவன் நான். மணி பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். லூபோக் சீனா இருபத்திரண்டு மைல், போக வரப் பன்னிரண்டு வெள்ளி. மலாயா டாலரை இங்கே வெள்ளி என்பார்கள். டிரைவர் கோவிந்தன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சில சமயம் ஊர் வழக்கப்படி பேச்சு முடிவில் ஒரு 'லா' சேர்ப்பார்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி நான் வந்தது ஒரு வீடு வாங்க. லூபோக் சீனாவுக்கு மூன்று மைல் அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் மாப்பிள்ளை கிராணி வேலை பார்க்கிறார், அதாவது குமாஸ்தா. மகள் கமலாவுக்கு அப்போது ஆறாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்த முறை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள். ஆனால் காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வந்த அவசரகாலச் சட்டப்படி தோட்டத்துக் குடியிருப்பில் வெளியார் இரவு தங்க முடியாது. எங்கள் ஊருக்கே திரும்பிவிட்ட ஒருவர், தோட்டத்துக்கு அருகிலிருந்த தம் பலகை வீட்டை ஆயிரத்து இருநூறு வெள்ளிக்குத் தருவதாகச் சொல்லிச் சாவியும் கொடுத்திருந்தார். பூட்டிப் பதினோரு மாதமாயிற்றாம். வருஷத்தில் இரண்டு மாதம் வந்து தங்க அது போதும். முன்பணம் கொடுக்குமுன் அங்கே பால் காய்ச்சிப் பார்க்க வேண்டும், கிழக்கே பொங்கினால் வாங்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை.

ஒன்பதரைக்கு லூபோக் சீனா கடைத்தெரு. பசும்பால் கிடைக்கவில்லை, டின் பால்தான் இருந்தது. இதற்கு என் மனைவி என்ன சொல்வாளோ என்று யோசிப்பதற்குள் கடைக்காரர் ஆணியை வைத்து டின்னில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டார்.

"காட்டுல இருக்கிறவங்களுக்குப் போயிடக் கூடாதில்ல ஐயா," என்றார் கோவிந்தன். "ஓட்டை போட்டா சீக்கிரம் கெட்டுடும். சேத்து வெக்க முடியாது லா."

ஊர் எல்லையில் முள்கம்பி வாசல். மலாய்க் காவலர் டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோவிந்தனிடம் மலாயில் நெடுநேரம் பேசினார். கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு எங்களைப் போக விட்டார்.

"டின்னத் திருப்பிக் கொண்டாரணுமாம். சாமி காரியம்னு சொன்னதாலதான் விட்டாரு. கொண்டாரலன்னா ரெண்டு பேரும் ஜெயிலுக்குள்ளதான்," என்றார் கோவிந்தன்.

வீடு சாலையிலிருந்து அரை மைல் உள்ளே, ஒரு மேட்டில் இருந்தது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். பட்டை சீவ ஆளில்லாமல், ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணங்களில் மழைநீர் நின்றது. பூட்டு துருப்பிடித்திருந்தது. முன்னறையில் எங்கள் காலடி பதியும் அளவுக்குத் தூசி. நான்கு ஜன்னல்கள், நல்ல காற்று. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சமையலறைக்குள் போனேன். அங்கே தூசி இல்லை.

அடுப்பைச் சுத்தம் செய்யச் சாம்பலில் கை வைத்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது.

கோவிந்தனைக் கூப்பிட்டேன். அவரும் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஐயா, பாலைக் காச்சுங்க," என்றார், யாருக்கோ கேட்க வேண்டும் என்பது போலச் சத்தமாக. "நாம வந்தது அதுக்குத்தான். வேற ஒன்னும் பாக்கல."

அங்கே கிடந்த ஒரு பாத்திரத்தில் பாதிப் பாலை ஊற்றித் தண்ணீர் கலந்து அடுப்பில் வைத்தேன். பதினொன்று ஐந்துக்கு நுரை எழுந்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. அந்த ஒரு நிமிஷம் பயம் மறந்துபோயிற்று. அந்தச் சமையலறையில் கமலா குழந்தையோடு நிற்பதைப் பார்த்துவிட்டேன். பிறகு வெளியே எங்கோ ஒரு சுள்ளி முறிந்தது. ஆளுக்கொரு வாய்கூடக் குடிக்காமல் பூட்டிக்கொண்டு நடந்தோம்.

சாலைக்கு வந்து காரில் ஏறியபோதுதான் டின் நினைவு வந்தது. இருவரும் திரும்பி நடந்தோம்.

பூட்டு நாங்கள் பூட்டியபடியே இருந்தது. உள்ளே அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். பால் பாத்திரம் காலி. டின்னைக் கழுவி, ஓட்டைகள் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் எங்கள் பங்குபோல இரண்டு மடக்குப் பால். அதை யார் குடிப்பது? எடுக்கவும் துணியாமல் கொட்டவும் மனம் வராமல், டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

தோட்டத்துக்குப் போகுமுன் டின்னைக் காட்ட ஊர் வாசலுக்கே திரும்பினோம், காவலர் அதைக் குலுக்கிப் பார்த்தார். முழுவதையும் நாங்களே குடித்துவிட்டதாகக் கோவிந்தன் சொல்லியிருக்க வேண்டும். கழுவிக்கூடக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்பதுபோல் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"மககிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் கோவிந்தன், தோட்டத்தை நெருங்கும்போது.

உள்ளதைச் சொன்னால் அது மாப்பிள்ளை காதுக்குப் போகும். அவர் போலீசில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவர் தலைக்கு ஆபத்து. சொன்னாலோ, நாங்கள் டின்னை விட்டுவந்ததும் வெளிவரும், அந்த வீட்டில் இருப்பவர்களைச் சுட்டும் விடுவார்கள். வழி நெடுக இதையே புரட்டிக்கொண்டு வந்தேன்.

ஒன்று நாற்பதுக்குக் கமலா குடியிருப்பு வாசலில் நின்றாள். கையில் பச்சைப்பூத் துணி. வீட்டுக்காரர் சொன்னதை வைத்து ஜன்னல் நான்கு என்று முன்பே கடிதத்தில் எழுதியிருந்தேன், அதற்குள் திரை தைக்கத் தொடங்கிவிட்டாள்.

"பால் பொங்குச்சாப்பா?"

"பொங்கலம்மா."

துணியை நான்காக மடித்தாள். அப்புறம் எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். இங்கே எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பல் காலையில் ஆறித்தான் கிடக்கிறது, தினமும் தொட்டுப் பார்க்கிறேன். மனைவியிடமும் அதே பொய்தான். கிழக்கே பொங்கிய பாலைப் பொங்கவில்லை என்று வாயால் சொல்லிவிட்டேனே என்று பயமாக இருக்கிறது. கமலாவுக்கு இது பத்தாம் மாதம். தபால்காரர் எங்கள் தெருவுக்கு வருவது பத்தே கால் மணிக்கு. நான் ஒன்பதரைக்கே வாசலில் நிற்கிறேன்.